ஈர ஜெராக்ஸுக்கு என்ன பெயர்? "மையாட்டல்" பற்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மூன்று நாளாக இந்த இழையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேலை நடுவில் எழுத முடியவில்லை. நகல் எந்திரத்திலும் அச்செந்திரத்திலும் நிலைமின் படிமத்தை, அதாவது மின்னூட்டத்தால் ஆன மறைந்த படத்தை, நீர்ம மையால் கண்ணுக்குத் தெரிய வைக்கிறார்களே, அந்த வேலைக்கு என்ன பெயர் என்பது கேள்வி. முதலில் வந்த பதில் இது:

> நிலைமின் உருவங்களின் திரவ வளர்ச்சி

எழுதியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். டெவலப்மென்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியின் முதல் பொருளை எடுத்தால் இப்படித்தான் வரும். குழந்தை வளரும், தாடி வளரும், கடன் வளரும். இந்தப் படிமம் வளராது. எந்திரத்துக்குள் இருக்கும் உருளை முழுக்க இருட்டில் மின்னூட்டம் ஏற்றுகிறோம். ஒளி பட்ட இடத்தில் அது கசிந்து போய்விடுகிறது. மூலத்தில் எழுத்து இருந்த இடத்திலிருந்து ஒளி வராததால் அங்கே மட்டும் தங்கிவிடுகிறது. ஆக, படிமம் முழு அளவில் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. ஒளிந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் சொல்தான் நமக்கு வேண்டும்.

இரண்டாவது பதில் சிரிப்பு மூட்டியது. ஆனால் அதில் விஷயம் இருக்கிறது:

> ஜெராகிராஃபியை உலர்வரைவு என்று வைத்துக்கொண்டால், இதை ஈர உலர்வரைவு எனலாமே?

சுடச்சுட ஐஸ் வாட்டர் என்பதுபோல இருக்கிறது. இந்தக் குழப்பத்துக்கு நாம் பொறுப்பில்லை, அது பெயரோடு பிறந்தது. ஜெராகிராஃபி என்ற இந்த நகல் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில், ஓட்டோ கோர்னை என்ற உதவியாளரோடு அதன் முதல் நகலை எடுத்த சோதனையைச் செய்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டினார்கள். தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடிச் சில்லை மேலே வைத்து ஒளி காட்டினார்கள். பிறகு லைகோபோடியம் என்ற செடியின் வித்துத்தூளைத் தூவி, அதிகப்படியை ஊதித் தள்ளினார்கள். எழுத்து நின்றது. அதை மெழுகுத்தாளில் ஒற்றி எடுத்தார்கள். எங்கும் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. 1948இல் ஊரறிய அறிமுகம் செய்தபோது, உலர்ந்த என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைப் பெயரின் தலையில் வைத்தது அந்தப் பெருமையில்தான்.

அப்புறம் சில ஆண்டுகளிலேயே ஆஸ்திரேலியப் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் மெட்காஃப், ரைட் என்ற இருவர் அதே படிமத்தை நீர்மத்தில் நனைத்து வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். 1955இல் மெட்காஃப் எழுதிய கட்டுரையின் தலைப்பே, தமிழில் சொன்னால், உலர்வரைவுக்கான நீர்மங்களைப் பற்றியது. அவர்களே அந்த முரணோடு வாழப் பழகிக்கொண்டார்கள். நாம் ஏன் அதையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்?

மூன்றாவது பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் ஏற்க முடியவில்லை:

> ஃபிலிம் கழுவக் கொடுத்தேன் என்றுதானே சொன்னோம்? கழுவல் என்றே வைக்கலாம்.

உண்மை. ஸ்டூடியோவில் ஃபிலிம் கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் யாரும் குழு அமைத்து ஆக்காத சொற்கள். ஆனால் கழுவினால் ஒன்று போக வேண்டும். இங்கே ஒன்று வந்து ஒட்டுகிறது. போதாததற்கு, இந்த எந்திரங்களில் நகல் எடுத்தபின் உருளையில் மிஞ்சிய மையை வழித்துத் துடைக்கும் பகுதி தனியாக இருக்கிறது. கழுவல் என்ற சொல் அதற்கு வேண்டுமானால் பொருந்தும். படம் வெளிப்படும் இடத்தையும் அழியும் இடத்தையும் ஒரே பெயரால் அழைத்தால் கையேட்டைப் படிக்கிறவர் பாடு திண்டாட்டம்.

ஒளிப்படக் கலைச்சொற்களில் உருத்துலக்கல் என்று எழுதியவர்கள் உண்டு. அது நல்ல சொல். பாத்திரம் துலக்குகிறோம், உண்மை துலங்கியது என்கிறோம். இருப்பதைப் பளிச்சென்று தெரிய வைப்பது என்ற பொருள் அப்படியே பொருந்துகிறது. ஆகவே பொதுச்சொல்லாகத் துலக்கலை வைத்துக்கொள்வோம். உலர்பொடியால் செய்தால் பொடித் துலக்கல். அதில் எனக்குச் சச்சரவு இல்லை.

நீர்மத்தால் செய்வதை என்ன சொல்வது என்பதில்தான் எனக்கு ஒரு ஆசை. அதற்கு முன் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நீர்மம் என்றதும் நீர் என்று நினைத்துவிடக் கூடாது. சாதாரணத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். அதில் நனைத்தால் படிமம் அடுத்த நொடியே ஓடிப்போகும். அதனால் மின்கடத்தாத, மண்ணெண்ணெய்க்கு உறவுக்காரனான தெளிந்த ஹைட்ரோகார்பன் எண்ணெய் ஒன்றை எடுக்கிறார்கள். நிறமித் துகள்களைப் பிசினோடு சேர்த்து அதில் மிதக்க விடுகிறார்கள். உலோகச் சோப்பு போன்ற பொருள் ஒன்றைச் சிறிது கலந்தால் துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் ஏற்றுக்கொள்ளும். ஒன்றையொன்று விலக்குவதால் கட்டியாகாமலும் இருக்கும். உருளை இந்த மையைத் தொட்டதும் படிமத்தின் எதிர் மின்னூட்டம் துகள்களை எண்ணெய்க்குள்ளாகவே தன் பக்கம் இழுக்கிறது. வேதியியல் பாடத்தில் கூழ்மங்களைப் பற்றிப் படிக்கும்போது வரும் மின்முனைக் கவர்ச்சிதான் இது. பொடித் துலக்கலில் துகளுக்கு மின்னூட்டம் உராய்வால் வருகிறது, சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கை இழுக்கிற கணக்கு. இங்கே அது எண்ணெய்க்குள் நடக்கும் வேதியியல். இரண்டும் வேறு வேறு என்பதால்தான் தனிச்சொல் கேட்கிறேன்.

இவ்வளவு சிரமம் எதற்கு? துகள் சிறிதாக இருந்தால் எழுத்தின் விளிம்பு கூர்மையாக வரும். உலர்பொடியில் துகள் பொதுவாக 5 முதல் 8 மைக்ரான். அதற்கும் கீழே போனால் தூசியாகப் பறந்து அடங்க மாட்டேன் என்கிறது. எண்ணெய்க்குள் 1, 2 மைக்ரான் துகள்கூடச் சமர்த்தாக இருக்கும். பென்னி லாண்டாவின் இண்டிகோ நிறுவனம் 1993இல் கொண்டுவந்த நிற அச்செந்திரம் ஆஃப்செட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி அச்சிட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2002இல் ஹெச்பி அந்த நிறுவனத்தை வாங்கியது. இப்போதும் அந்த எந்திரங்கள் நீர்ம மையில்தான் ஓடுகின்றன.

ஈரத்தின் தொல்லையும் சொல்ல வேண்டும். இளவயதில் நான் வேலை பார்த்த கடையில் அப்படி ஒரு பழைய நகல் எந்திரம் இருந்தது. தாள் லேசாக நனைந்து வெளியே வரும், மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. சான்றிதழ் நகல் எடுக்க வந்தவர்கள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்ப்பார்கள்.

சரி, ஆசைக்கு வருகிறேன். ஓலையில் எழுத்தாணியால் கீறினால் எழுத்து இருக்கும், ஆனால் சரியாகத் தெரியாது. கரியை எண்ணெயிலோ இலைச்சாற்றிலோ குழைத்து மேலே தடவித் துடைப்பார்கள். கீறலில் மை நிற்கும், மற்ற இடம் சுத்தமாகிவிடும். அதுவரை ஒளிந்திருந்த எழுத்து கருப்பாக எழுந்து நிற்கும். பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் சடங்கையே மையாடல் விழா என்று அழைத்திருக்கிறார்கள். ஒளிந்த எழுத்து, எண்ணெயில் குழைத்த கரி, தடவல், துடைத்தல். நம் எந்திரத்திலும் இதே நான்கும்தான். மையைத் தொட்டபின் உருளையில் தேங்கும் எண்ணெயை வழிக்க, இழையளவு இடைவெளி விட்டு எதிர்த்திசையில் சுற்றும் உருளை ஒன்றை வைப்பதுண்டு. துணி செய்த வேலையை அது செய்கிறது.

ஆடல் என்றால் நடனம்தானே என்று ஒருவர் கேட்பார், எனக்குத் தெரியும். நீராடல், புனலாடல், மஞ்சளாடுதல் எல்லாம் நடனமா? முழுக்காட்டி மேலே படியவிடுவதற்கும் அதே வினைதான். நீரில் தானே இறங்கினால் நீராடல், பிள்ளையைக் குளிப்பாட்டினால் நீராட்டல். உருளையை எந்திரம்தான் மையில் நனைக்கிறது. ஆகவே வேலையின் பெயர் மையாட்டல், அதைச் செய்யும் பகுதி மையாட்டி. இண்டிகோ வகை எந்திரத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மையாட்டி இருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன். உறுத்தவில்லை. திரவ என்றோ நீர்ம என்றோ முன்னொட்டும் தேவைப்படவில்லை.

ஓலையில் இருப்பது பள்ளம், உருளையில் இருப்பது மின்னூட்டம், உவமை முழுதாகப் பொருந்தவில்லை என்ற மறுப்பு நியாயமானது. பள்ளத்தில் மை இறங்குவது வேறு, இழுக்கப்பட்டுப் போய் ஒட்டுவது வேறு. ஆனால் மையாட்டல் என்ற சொல்லில் பள்ளம் எங்கும் இல்லை. அது மையைப் பற்றியும் நனைப்பைப் பற்றியும் மட்டுமே பேசுகிறது. இழுவிசையைச் சொல்ல மின்முனைக் கவர்ச்சி இருக்கிறதே.

அச்சகத்தில் வேலை செய்யும் நண்பர் எழுதியதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்:

> எங்கள் பிரஸ்ஸில் எல்லோருக்கும் டெவலப்பர்தான். இதையெல்லாம் யார் சொல்லப் போகிறார்கள்?

கடைக்காரரிடம் போய் நகல் கேட்கச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தவில்லை. நானே ஜெராக்ஸ் என்றுதான் கேட்கிறேன். தூய தமிழ் என்று நாம் நம்பும் நகலே அரபியிலிருந்து வந்ததுதான். ஆனால் ஐயா, டெவலப்பர் தீர்ந்துவிட்டது என்று பையன் வந்து சொன்னால் நீங்கள் எதை எடுத்துக் கொடுப்பீர்கள்? ஆஃப்செட் பிளேட்டுக்கு ஊற்றும் கரைசலும் டெவலப்பர். நகல் எந்திரத்தில் பொடியும் அதைச் சுமக்கும் சிறு மணியும் கலந்த கலவையும் டெவலப்பர். அந்தக் கலவையைச் சுற்றிவிடும் முழுப் பகுதியும் டெவலப்பர். பேச்சில் கையைக் காட்டிச் சமாளிக்கலாம், கையேட்டில் முடியாது. பிளேட்டுக்கு ஊற்றுவது துலக்குகரைசல், பொடியும் மணியும் துலக்குகலவை, பகுதி என்றால் துலக்கி அல்லது மையாட்டி. மூன்று புட்டிக்கு மூன்று பெயர்.

கேரியர் என்ற சொல்லிலும் இதே சங்கடம். பொடித் துலக்கலில் அது பொடியைச் சுமந்துவரும் சிறு மணிகள். மையாட்டலில் அது துகள் மிதக்கும் எண்ணெய். முதலாவதற்கு ஏந்துமணி, இரண்டாவதற்கு ஏந்தெண்ணெய் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஏந்தெண்ணெய் நாக்கில் கொஞ்சம் இடறுகிறது, வேறு தோன்றினால் சொல்லுங்கள். ஊர்தி என்று மட்டும் யாரும் அனுப்பிவிடாதீர்கள்.