லினக்ஸில் இண்டி கேம்: இனியும் நேட்டிவ் போர்ட் கேட்க வேண்டுமா?

முனையம்77:
சின்னக் குழுக்கள் செய்யும் எந்த இண்டி கேம் வந்தாலும், ஸ்டீம் என்ற இணையக் கடையில் அதன் பக்கத்துக்கு ஒருவர் போய் "லினக்ஸ் நேட்டிவ் எப்போது?" என்று, அதாவது லினக்ஸிலேயே நேரடியாக ஓடும் தனிப் பதிப்பு எப்போது என்று கேட்கிறார், பின்னாலேயே நாலு பேர் "எனக்கும்" என்று வந்து நிற்கிறார்கள். இந்தப் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து, கோபப்படாமல் படியுங்கள். 2018 ஆகஸ்டில், ஸ்டீமை நடத்தும் வால்வ், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானைக் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன், கூடவே விண்டோஸின் கிராஃபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸின் அழைப்புகளை லினக்ஸிலும் இருக்கும் வல்கனுக்கு மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே. 2022 பிப்ரவரியில் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கணினி வந்தபின் அந்தக் கருவியின் வியாபாரமே இதை நம்பித்தான் நிற்கிறது, அதனால் நாளைக்கே கைவிட்டுவிடுவார்கள் என்ற பயமும் வேண்டாம். பலாட்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் வந்தது, லவ் என்ற திறமூல எஞ்சினில் எழுதியது, அந்த எஞ்சின் லினக்ஸில் தானாகவே ஓடும், ஆனாலும் ஸ்டீமில் லினக்ஸ் பதிப்பு கிடையாது. யாருக்காவது அந்தக் குறை தெரிந்ததா? இன்ஸ்டால் செய்தால் ஓடுகிறது, அவ்வளவுதான். ஹேடிஸும் அப்படித்தான். ஒருவரோ இருவரோ உட்கார்ந்து செய்யும் கேமுக்கு இன்னொரு பில்டையும், அதாவது இன்னொரு பதிப்பையும், பராமரிக்கச் சொன்னால் அது அவர்களுடைய நேரத்தைப் பிடுங்குவது. அந்த நேரத்தில் இன்னும் இரண்டு லெவல் செய்யட்டும்.

வேம்படி:
தம்பி, உங்கள் பலாட்ரோவையே எடுத்துக்கொள்கிறேன். எஞ்சின் லினக்ஸில் ஓடுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பிறகு அந்தப் பில்டைக் கேட்பதில் என்ன தப்பு? தருவதும் தராததும் கேமைச் செய்தவர் விருப்பம், கேட்பதே அநியாயம் என்று ஆக்காதீர்கள்.

2010 மே மாதம், பல இண்டி கேம்களை ஒன்றாகக் கட்டி விற்கும் ஹம்பிள் இண்டி பண்டிலின் முதல் தொகுப்பு வந்தது. வேர்ல்ட் ஆஃப் கூ, அக்வாரியா, கிஷ், லுகாரு, பெனும்ப்ரா, எல்லாமே விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் சேர்த்து. விலையை வாங்குபவரே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டபோது லினக்ஸ்காரர்கள்தான் சராசரியாக அதிகம் கொடுத்தார்கள், அந்தக் கணக்கு தளத்திலேயே எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. வசூல் பத்து லட்சம் டாலரைத் தாண்டியதும் நான்கு கேம்களின் சோர்ஸ் கோடைத் திறந்துவிடுவதாக அறிவித்தார்கள். "லினக்ஸில் யார் காசு கொடுத்து வாங்கப் போகிறார்கள்" என்ற பேச்சுக்கு எண்ணோடு பதில் கிடைத்தது அப்போதுதான். மூன்று வருடம் கழித்து, 2013 பிப்ரவரியில், ஸ்டீம் லினக்ஸுக்கு முறையாக வந்தது. கேட்டவர்களும் வாங்கியவர்களும் இல்லாமல் இருந்திருந்தால் உங்கள் புரோட்டானுக்கு நிற்க இடமே இருந்திருக்காது.

இன்னொரு விஷயம், உங்களிடம் புதிய கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது, எல்லோரிடமும் இல்லை. டிஎக்ஸ்விகே 2.0-க்கு மேல் வல்கன் 1.3 கட்டாயம். அரசு கொடுத்த பழைய மடிக்கணினியை இன்னும் வைத்திருக்கிற பிள்ளைகள், செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள், இவர்களுடைய பழைய இன்டெல் சிப்புகளில் வல்கன் அரைகுறையாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. விவிவிவிவிவி, எஃப்டிஎல் மாதிரி கேம்களின் நேட்டிவ் பதிப்புகள் வல்கனுக்கு முந்தைய கிராஃபிக்ஸ் முறையான ஓப்பன்ஜிஎல்லில் அதே மெஷினில் ஓடுகின்றன. லினக்ஸைப் போட்டதே பழைய மெஷின் பிழைத்துக் கிடக்கட்டும் என்றுதான், அவர்களிடம் போய்ப் புரோட்டான் போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முனையம்77:
அக்கா, வல்கன் இல்லாத மெஷினுக்கும் புரோட்டானில் வைன்டி3டி என்று ஒரு வழி இருக்கிறது, ஓப்பன்ஜிஎல் மூலமாகவே போகும். வேகம் குறையும், 2டி கேமுக்கு அது பெரும்பாலும் போதும்.

வரலாற்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது நாம் பண்டில் வாங்கியதைப் பார்த்து நெகிழ்ந்து அல்ல. 2012 ஜூலையில் வால்வின் தலைவர் கேப் நியூவெல் விண்டோஸ் 8 பிசி தொழிலுக்கே பேரழிவு என்று மேடையில் சொன்னார், மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கடையைத் திறந்தால் தன் கதி என்னவாகும் என்ற கவலை அது. அந்த ஆண்டு நவம்பரிலேயே ஸ்டீமின் லினக்ஸ் பீட்டா வந்துவிட்டது. கம்பெனிகள் தங்கள் லாபத்துக்காகச் செய்தவை நமக்கு வாய்ப்பாக அமைந்தன, அதற்குமேல் இதில் ஒன்றும் இல்லை.

நேட்டிவ் பில்ட் என்றாலே அது காலத்துக்கும் ஓடும் என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பெரிய சிக்கல். அந்தக் காலத்துப் பண்டில் கேம்களின் அதே பைனரியை, அதாவது அன்று தொகுத்த நிரல் கோப்பை, இன்றைய லினக்ஸ் டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் தொகுப்பில்) ஓட்டிப் பாருங்கள். பாதிக்கு 32-பிட் லைப்ரரி வேண்டும். மிச்சத்தில் ஒன்று லிப்யூடெவ் என்ற லைப்ரரியின் பழைய பெயரைத் தேடும், இன்னொன்று பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தேடும், மூன்றாவது ஒலி இல்லாமல் ஓடும். 2019-இல் உபுண்டு 32-பிட் பேக்கேஜ்களை மொத்தமாக எடுக்கப்போவதாகச் சொன்னபோது வால்வே உபுண்டுவைக் கைவிடுவோம் என்றது, அதன்பிறகுதான் அவர்கள் பின்வாங்கினார்கள். ஆனால் அதே கேமின் விண்டோஸ் பதிப்பு வைனில் இன்றைக்கும் ஓடுகிறது. லினக்ஸில் மாறாமல் நிற்கிற ஒரே நிரலிடைமுகம் விண்டோஸின் வின்32தான் என்று பலரும் சொல்கிறார்கள், கசப்பாக இருந்தாலும் அதில் உண்மை இருக்கிறது.

செலவும் பாருங்கள். பிளானட்டரி அனிஹிலேஷன் என்ற கேமின் குழுவில் வேலை செய்தவர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார், விற்பனையில் லினக்ஸ் 0.1 சதவீதத்துக்கும் குறைவு, கிராஷ் அறிக்கைகளிலும் உதவிக் கோரிக்கைகளிலும் 20 சதவீதத்துக்கு மேல், பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர் தொல்லை. எந்தச் சின்னக் குழு இதைத் தாங்கும்?

இரவுப்பறவை:
நான் வேலை முடிந்து வந்து இரவில் கோடோ என்ற திறமூல எஞ்சினில் ஒரு சின்னப் புதிர் கேம் செய்துகொண்டிருக்கிறேன், செய்கிறவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

முனையம் சொன்ன 0.1 சதவீதக் கணக்கு, சொந்தமாக கிராஃபிக்ஸ் எஞ்சின் எழுதிய ஒரு பெரிய ஆர்டிஎஸ் (நிகழ்நேர வியூக) கேமுடையது. அன்றைக்கு லினக்ஸ் டிரைவர்கள் இருந்த லட்சணம் வேறு, இன்றைக்கு ஏஎம்டி, இன்டெல் இரண்டுக்கும் மேசா என்ற திறமூல டிரைவர் தொகுப்பு எவ்வளவோ தேறிவிட்டது. அதற்கு நேர் எதிரான கணக்கும் ஒன்று இருக்கிறது. டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன் என்ற விண்வெளிச் சுரங்க கேமைச் செய்தவர் 2021-இல் தன் எண்களை எழுதினார். அதுவும் கோடோவில் செய்ததுதான். வாங்கியவர்களில் லினக்ஸ்காரர்கள் 5.8 சதவீதம், பக் ரிப்போர்ட்டில் 38 சதவீதம். இதை மட்டும் படித்தால் முனையம் சொல்வது சரி என்று தோன்றும். ஆனால் லினக்ஸ்காரர்கள் அனுப்பிய கிட்டத்தட்ட 400 ரிப்போர்ட்டில் லினக்ஸுக்கே உரிய பக் வெறும் மூன்று. மற்றதெல்லாம் விண்டோஸ்காரர்களுக்கும் இருந்த பக், அவர்கள் சொல்லவில்லை, இவர்கள் சொன்னார்கள், அதுவும் லாக் ஃபைலோடு, எப்படி மறுபடி வரவழைப்பது என்ற விவரத்தோடு. காசு வாங்காமல் இப்படிச் சோதித்துத் தருகிற ஆட்கள் தனியாகக் கேம் செய்கிறவனுக்கு எங்கே கிடைப்பார்கள்? அவர்களை வாடிக்கையாளர் கணக்கில் 5.8 என்று சுருக்குவது சரியில்லை.

கோடோவில் லினக்ஸுக்கு ஏற்றுமதி செய்வது ஒரு பட்டன். உண்மையான வேலை அதற்குப் பிறகு சோதிப்பதில் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் லினக்ஸிலேயே உட்கார்ந்து செய்பவனுக்கு அது தனி வேலையும் இல்லை. ஃபைல் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறிப்போனால் விண்டோஸ் எடிட்டரில் படம் வரும், ஏற்றுமதி செய்த கேமில் வராது. லினக்ஸில் அது எழுதுகிற அன்றைக்கே பிடிபட்டுவிடும்.

முனையம்77:
நல்ல கணக்கு, அந்த மூன்று பக் விவரம் முக்கியமானது. ஆனாலும் அது உங்களைப் போல லினக்ஸ் பிடித்துச் செய்கிறவர்களுக்குப் பொருந்தும். லினக்ஸையே தொட்டுப் பார்க்காத ஒருவர், நாம் நச்சரிக்கிறோம் என்பதற்காக யூனிட்டி எஞ்சினில் ஒரு டிக் போட்டுப் பில்டை எறிந்துவிட்டுப் போகிறாரே, அவரைப் பற்றித்தான் என் கவலை. ஆறு மாதத்தில் விண்டோஸ் பதிப்பு 1.4-க்குப் போயிருக்கும், நம்முடையது 1.1-இல் நிற்கும். கன்ட்ரோலர் பிடிக்காது. நேட்டிவ் பில்ட் இருந்தால் ஸ்டீம் பெரும்பாலும் அதைத்தான் இறக்கும், புதிதாக வந்தவர் பண்புகளுக்குள் போய்ப் புரோட்டானைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? "லினக்ஸில் கேம் சரியில்லை" என்று விண்டோஸுக்கே திரும்பிவிடுவார். பராமரிக்காத நேட்டிவ், இல்லாத நேட்டிவைவிட மோசம்.

சின்னத்தம்பி_ஆர்ச்:
புரோட்டான் எல்லாவற்றையும் ஓட்டுகிறது என்று பேசும்போது ஸ்டீமுக்கு வெளியே இருக்கிற உலகம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. நான் விஷுவல் நாவல் அதிகம் விளையாடுகிறவன். விண்டோஸில் வீடியோ ஓட்டும் பகுதியான மீடியா ஃபவுண்டேஷனை நம்பி வீடியோ வைத்திருக்கும் கேம்களில் அந்த வீடியோவை வால்வ் தன் பக்கத்தில் மாற்றி, ஷேடர் கேஷ் என்ற, முன்பே தயாரித்த கிராஃபிக்ஸ் கோப்புகளோடு சேர்த்து அனுப்புகிறது, அதனால் ஸ்டீமில் ஓடிவிடும். மாற்றி வைக்காத வீடியோ என்றால் பழைய டிவியில் வரும் வண்ணப் பட்டை மட்டும் திரையில் நிற்கும். அதே கேமை இட்ச்.ஐஓ என்ற இண்டி கடையில் வாங்கினால்? கதையின் உச்சமே அந்த வீடியோவில் இருக்கும்போது பட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஸ்டீமுக்கு வெளியே வாங்கியதை ஓட்டித் தரும் லுட்ரிஸ், ஹீரோயிக் எல்லாம் நல்ல கருவிகள், ஆனால் அங்கே நாமேதான் மல்லுக்கட்ட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்கிறேன், இது எதிர்ப்பக்கத்துக்குச் சாதகம். டொராண்டோவில் செய்த வெண்பா, கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை, 2023-இல் வந்து அடுத்த ஆண்டு பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. நம் இட்லியும் புட்டும் உள்ளே இருக்கிற கேம், பிசியில் விண்டோஸுக்குத்தான் வந்தது. புரோட்டான் இல்லையென்றால் நான் அதைத் தொட்டிருக்கவே முடியாது. அதனால் புரோட்டான் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது, புரோட்டான் மட்டும் போதும் என்றும் முடியாது.

வேம்படி:
புரோட்டான் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. நானும் அதில்தான் பாதி கேம் விளையாடுகிறேன்.

பழைய பைனரி உடைவது பற்றி முனையம் சொன்னதற்கு வருகிறேன், ஏனென்றால் அவர் வாதத்தில் வலுவான இடம் அதுதான். உடைவது உண்மை. ஆனால் எது உடைகிறது, எது உடையவில்லை என்று பிரித்துப் பாருங்கள். கேமுக்குத் திரை, ஒலி, கன்ட்ரோலரைக் கையாண்டு தரும் எஸ்டிஎல் என்ற லைப்ரரி 1998-இல் சாம் லான்டிங்கா தொடங்கியது, லோகி சாஃப்ட்வேரில் அவர் லினக்ஸ் போர்ட் செய்துகொண்டிருந்த காலத்திலேயே வளர்ந்தது. லோகி நொடித்துப்போனது, எஸ்டிஎல் நிற்கிறது. எஸ்டிஎல் 1.2-இல் எழுதிய பழைய கேமை எஸ்டிஎல்2 மேல் ஓட்ட ஒரு இணக்க அடுக்கு இருக்கிறது, எஸ்டிஎல்2 கேமை எஸ்டிஎல்3 மேல் ஓட்ட இன்னொன்று. எஸ்டிஎல்2-வைத் தன்னுள்ளேயே கட்டிக்கொண்டு வந்த கேமில்கூட ஒரு சூழல் மாறியை வைத்துப் புதிய எஸ்டிஎல்லை உள்ளே நுழைத்துவிடலாம். ஸ்டீம் தானே ஒரு கன்டெய்னருக்குள் பழைய லைப்ரரிகளோடு நேட்டிவ் கேமை ஓட்டித் தருகிறது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்என்ஏ-வில் எழுதிய கேம்களுக்கு அதன் திறமூல மாற்றான எஃப்என்ஏ இருக்கிறது, டெரேரியா, செலெஸ்டே இரண்டும் லினக்ஸில் நன்றாக ஓடுவது அதனால்தான். வின்32-ஐத் தாங்கிப் பிடிக்க எத்தனை பேர் எத்தனை வருடம் உழைத்தார்கள் என்பதை மறந்துவிட்டு, அது தானாக நிலைத்தது மாதிரி பேசக்கூடாது. அந்த உழைப்பில் ஒரு பங்கை எஸ்டிஎல் பக்கம் போட்டதும் இங்கேயும் நிலைக்கிறது.

அப்புறம் ஃபாக்டோரியோ, தொழிற்சாலை கட்டும் கேம். பெரிய தொழிற்சாலையைச் சேமிக்கும்போது கேம் நின்றுபோகும், உங்களுக்கே தெரியும். லினக்ஸிலும் மேக்கிலும் ஃபோர்க் என்ற சிஸ்டம் அழைப்பால் புரொசஸை இரண்டாகப் பிரித்து, ஒன்று சேமிக்கும்போதே மற்றொன்றில் விளையாட்டு தொடரும்படி ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் பதிப்பில் அது இல்லை, ஆகவே விண்டோஸ் பதிப்பைப் புரோட்டானில் ஓட்டினாலும் கிடைக்காது. லினக்ஸைத் தெரிந்த ஒருவர் குழுவுக்குள் இருந்தால் இப்படி ஒன்று பிறக்கும். எல்லோரும் விண்டோஸுக்கு மட்டும் செய்யுங்கள், மிச்சத்தை நாங்கள் மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்று நாமே சொல்லிவிட்டால் அந்த ஆளைக் குழுவில் வைக்க யாருக்கும் காரணமே இருக்காது. எனக்கு வலிப்பது இதுதான். நாம் விளையாடுகிறவர்களாக மட்டும் மிஞ்சுவோம், செய்கிறவர்களின் மேசையில் லினக்ஸ் இருக்காது.

முனையம்77:
ஃபாக்டோரியோ எனக்கும் பிடித்த உதாரணம், ஆனால் அவர்கள் சொந்த எஞ்சின் எழுதும், பத்தாண்டுக்கு மேலாக ஒரே கேமில் உழைக்கும் குழு. அதை ஒரு அறைக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு அளவுகோலாக வைக்க முடியாது.

என் நிலையைத் துல்லியமாகவே வைக்கிறேன். கோடோ, லவ், எஃப்என்ஏ மாதிரி லினக்ஸ் ஏற்கெனவே கூடவே வரும் எஞ்சினில் செய்கிறவரிடம் தாராளமாகக் கேளுங்கள், நானும் கேட்கிறேன். யூனிட்டி, அன்ரியலில் செய்கிறவர் லினக்ஸைத் தொட்டதில்லை என்றால் அவரிடம் நேட்டிவ் கேட்காமல் வேறு கேளுங்கள்: வீடியோவைத் திறந்த கோடெக்கில் வையுங்கள், தனி லாஞ்சர் வேண்டாம், வெளியிடும் முன் ஒரு ஸ்டீம் டெக்கில் முழுதாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இந்த மூன்றும் செய்தால் எனக்குப் போதும்.

வேம்படி:
அந்த மூன்றுக்கும் நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் யூனிட்டிக்காரரிடமும் கேட்பேன். ஹாலோ நைட் கேமைச் செய்த டீம் செர்ரியும் யூனிட்டிதான், மிகச் சின்னக் குழுதான், ஹாலோ நைட்டும் லினக்ஸுக்கு வந்தது, 2025 செப்டம்பரில் அதன் தொடர்ச்சியான சில்க்சாங்கும் முதல் நாளே லினக்ஸோடு வந்தது. கேட்கும் விதம் மரியாதையாக இருந்தால் போதும். முடியாது என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வாங்கி விளையாடுவேன்.

சின்னத்தம்பி_ஆர்ச்:
இந்த இழையில் கேட்கலாமா தெரியவில்லை, ஹாலோ நைட்டை இதுவரை புரோட்டானில் விளையாடினேன், இப்போது நேட்டிவுக்கு மாற்றினால் சேவ் காணவில்லை. சேவ்களை இணையத்தில் வைக்கும் ஸ்டீம் கிளவுடை அணைத்து வைத்திருந்தேன்.

முனையம்77:
இரண்டும் வேறு வேறு இடத்தில் எழுதும். புரோட்டான் சேவ், ஸ்டீம்ஆப்ஸுக்குள் காம்ப்டேட்டா கோப்புறையில் 367520 என்ற எண்ணுக்குள் இருக்கும், அங்கே ஆப்டேட்டா, லோக்கல்லோ, டீம் செர்ரி என்று இறங்குங்கள். நேட்டிவ் சேவ் ஹோமில் மறைந்திருக்கும் கான்ஃபிக் கோப்புறைக்குள் யூனிட்டி3டி, டீம் செர்ரி. முதலில் இரண்டையும் வேறெங்காவது நகலெடுத்து வைத்துவிட்டு, யூசர் என்று தொடங்கும் டேட் ஃபைல்களை அங்கிருந்து இங்கே போடுங்கள், கேமைத் திறந்து சேவ் தெரிகிறதா என்று பார்த்தபிறகு கிளவுடை இயக்குங்கள்.