சைலன்சர் மாட்டினால் சத்தமே வராதா? குலசேகரத்தில் நடக்கிற ஒரு கதைக்குச் சந்தேகம்

குழித்துறைக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு குறும்படத்துக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் நம்ம ஊர்தான், குலசேகரம் தாண்டி ஒரு ரப்பர் எஸ்டேட். விடியும் முன்னே பால்வெட்டு நடக்கிற நேரம், வில்லன் ரிவால்வரில் சைலன்சர் மாட்டி முதலாளியைச் சுடுகிறான், அவர் பறந்து போய் ஷீட் அடிக்கிற மெஷின்மேல் விழுகிறார், பத்தடி தள்ளி வெட்டிக்கொண்டிருக்கிற ஆளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அதைப் பார்த்துவிட்ட ஹீரோவுக்குத் தோளில் ஒரு குண்டு. திற்பரப்புப் பக்கம் ஓடி, கோதையாற்றில் குதித்து, தண்ணீருக்கு அடியிலேயே நீந்தித் தப்பிக்கிறான், கரையில் நின்று சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கூட்டுக்காரனிடம் கொடுத்தேன், படித்துவிட்டு "லே, இதில ஒண்ணுகூட நடக்காது" என்கிறான். நிஜமாகவா?

பழைய ஹவில்தார், தக்கலை:

உன் கூட்டுக்காரன் சொன்னது முக்கால்வாசி சரி தம்பி. முதலில் சைலன்சர். ஒரு 9 எம்.எம். பிஸ்டல் வெடிக்கிற சத்தம் கிட்டத்தட்ட 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் முப்பதைக் குறைத்தால் பெரிய விஷயம், மிச்சம் 130, அதுவே காது வலிக்கிற அளவு. சினிமாவில் வருகிற அந்த 'புஸ்க்' எல்லாம் எடிட்டிங் அறையில் பிறந்தது. போதாக்குறைக்கு, ஒலியைவிட வேகமாகப் போகிற குண்டு காற்றைக் கிழிக்கிற சத்தம் தனி, அது குழலை விட்டு வெளியே போன பிறகு வருவது, சைலன்சரால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் ரிவால்வரில் சைலன்சர் மாட்டவே கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு, புகையும் சத்தமும் அது வழியாகத்தான் பீறிடும், நுனியை மூடி என்ன பிரயோஜனம்? ரஷ்யாவின் 1895 மாடல் நகாந் ரிவால்வரில் மட்டும் சிலிண்டர் முன்னே நகர்ந்து அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அது உன் வில்லன் கைக்கு எப்படி வந்தது என்று சொல்ல நீ இன்னொரு படம் எடுக்க வேண்டும்.

"சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய், எதை வைத்து? ஏ.கே. 47 மேகசினில் 30 ரவுண்டு. நிமிடத்துக்கு 600 வீதம் பாயும். விரலை எடுக்காமல் அழுத்தினால் 3 செகண்டில் காலி. ரேஞ்சில் நாங்கள் சுட்டு முடித்ததும் காலி கோக்காவை, அதாவது தோட்டாவின் வெறும் கூட்டை, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணிக் கொடுக்காமல் ஒருத்தனும் வண்டி ஏற முடியாது. புல்லுக்குள் ஒன்று உருண்டுபோனால் மொத்த செக்‌ஷனும் வெயிலில் குனிந்து தேடும். அப்படி எண்ணிப் பழகினவனுக்குப் படத்தில் மேகசினே மாற்றாமல் சுடுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

மார்த்தாண்டம் பிசிக்ஸ்:

ஹவில்தார் அண்ணன் பறக்கிற விஷயத்தை விட்டுவிட்டார், அதை நான் சொல்கிறேன். 8 கிராம் குண்டு நொடிக்கு 360 மீட்டர் வேகத்தில் வந்து 70 கிலோ ஆள்மேல் பட்டு உள்ளேயே நின்றுவிட்டது என்று வையுங்கள். உந்தத்தை வகுத்துப் பார்த்தால் அவருக்குக் கிடைக்கிற வேகம் நொடிக்கு சுமார் 4 சென்டிமீட்டர். அவ்வளவுதான். பட்டவரைத் தூக்கி எறிகிற அளவுக்குத் தள்ளு இருந்தால் அதே தள்ளு சுட்டவனையும் பின்னால் எறிய வேண்டுமே, நியூட்டன் வில்லனுக்கு மட்டும் விலக்கு கொடுக்கவில்லை. குண்டு பட்டவர் இருந்த இடத்திலேயே சரிவார், சில பேர் பட்டதே தெரியாமல் கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறார்கள்.

ஆற்று சீன் மட்டும் ஓரளவு தேறும். தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தி. வேகமான ரைஃபிள் குண்டு தண்ணீரில் மோதி ஒரு மீட்டருக்குள்ளேயே சிதறிவிடும், இல்லை வேகம் செத்துவிடும். மெதுவான பிஸ்டல் குண்டுதான் அதைவிடக் கொஞ்சம் ஆழம் போகும், கேட்க விசித்திரமாக இருந்தாலும் அப்படித்தான். ஆக ஹீரோ ஆழமாகப் போனால் பிழைப்பான். ஆனால் அருவிக்குக் கீழே பாறை கிடக்கிற இடத்தில் குதிக்க வைக்காதீர்கள், குண்டுக்கு முன்னால் பாறை முந்திக்கொள்ளும்.

நர்ஸ் அக்கா:

தோளில் பட்டுவிட்டு நீந்துகிறானா? யாரப்பா இந்தப் பையன்! தோள் என்றால் ஏதோ சதை மட்டும் இருக்கிற இடம் என்று எல்லாப் படத்திலும் நினைக்கிறார்கள். காறை எலும்புக்கு அடியில் கைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, பக்கத்திலேயே கையை அசைக்கிற நரம்புக் கட்டு முழுக்க இருக்கிறது. ரத்தக்குழாய் கிழிந்தால் சில நிமிடங்களில் ஆள் காலி, அந்த இடத்தில் கயிறு கட்டி இறுக்கவும் முடியாது. நரம்பு போனால் கை தொங்கிவிடும், பிறகு எங்கே நீந்த?

இன்னொன்று, தயவுசெய்து குண்டை இடுக்கியால் பிடுங்கி எவர்சில்வர் தட்டில் 'டிங்' என்று போட்டதும் ஹீரோ கண் விழிக்கிற சீன் மட்டும் வேண்டாம். ஆளைக் கொல்வது குண்டு உள்ளே கிடப்பது அல்ல, அது போன வழியில் கிழித்துவிட்டுப் போனதுதான். ரத்தத்தை நிறுத்துவதுதான் முதல் வேலை. மூட்டுக்குள் மாட்டியிருந்தாலோ தொந்தரவு செய்கிற இடத்தில் இருந்தாலோ எடுப்பார்கள், இல்லையென்றால் பல நேரம் அப்படியே விட்டுவிடுவார்கள், தேடித் துழாவினால் சேதம்தான் கூடும்.

புலியூர்க்குறிச்சி:

சரித்திரப் படம் எடுப்பவர்களும் இதைப் படித்தால் நல்லது. 1741 குளச்சல் போர்க் காலத்துத் துப்பாக்கியை நிமிடத்துக்குப் பத்துத் தடவை சுடுகிற மாதிரி காட்டுகிறார்கள். குழல் வாய் வழியாக மருந்து போட்டு, ஈயக் குண்டு போட்டு, கம்பியால் இடித்து, அப்புறம்தான் சுட வேண்டும். நன்றாகப் பழகிய சிப்பாய்க்கே நிமிடத்துக்கு மூன்று வந்தால் அதிகம். கருமருந்துப் புகை வேறு, இரண்டு சுற்று முடிந்தால் எதிரியே தெரிய மாட்டான். உதயகிரிக் கோட்டையில், அந்தப் போரில் திருவிதாங்கூரிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறையைப் பார்க்கப் போகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

குழித்துறைக்காரன்:

எனக்குக் கதையே போச்சு. சரி, ரிவால்வரை விட்டுவிட்டு வில்லன் கையில் ஒரு பழைய நாட்டுத் துப்பாக்கி கொடுத்தால்? மலையோரத்தில் பன்றிக்கு வைத்திருப்பார்களே, அது.

பழைய ஹவில்தார், தக்கலை:

அதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாதது, அதனால் அவனுக்கு உள்ளூரப் பயமும் இருக்கும். புலியூர்க்குறிச்சி சொன்ன அதே முறைதான், குழல் வாயில் மருந்து இடிக்கிறது. ஒரே ஒரு வெடி. கோயில் திருவிழாவில் வெடிக்கிற கதினா வெடி மாதிரி சத்தம் எஸ்டேட் முழுக்கக் கேட்கும், புகை மண்டும், முதலாளி இருந்த இடத்திலேயே உட்கார்ந்து சரிவார். மறுபடி நிரப்ப இவனுக்கு அரை நிமிடமாவது வேண்டும், இருட்டில் கை நடுங்கினால் ஒரு நிமிடம். ஹீரோவுக்குத் தோளில் குண்டே வேண்டாம், ஓட நேரம் கிடைத்துவிட்டது. பத்தடி தள்ளி நிற்கிற பால்வெட்டுக்காரர் தலையில் கட்டின லைட்டோடு இந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கவே மாட்டார், வில்லன் முகத்தில்தான் வெளிச்சம் அடிக்கும். அவருக்கு ஒரு டயலாக் எழுதி வை.