சைக்கிள் சக்கர ஜைரோ: கணக்குக்கும் ஸ்டாப்வாட்சுக்கும் ஒரு நொடி இடிக்கிறது. பால்வீதிக்கு இதே சூத்திரம் போடலாமா?

கோத்தகிரி_பிஎஸ்சி
வணக்கம். கண்காட்சிக்கு 26 இன்ச் சைக்கிள் சக்கரத்தை ஜைரோஸ்கோப்பாகத் தொங்கவிட்டிருக்கிறோம். எடை 2 கிலோ, ரிம் ஆரம் 30 செ.மீ. மையத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி அச்சில் நைலான் கயிறு. நிமிடத்துக்கு 120 சுற்று. எங்கள் சூத்திரம்: அச்சு ஒரு வட்டம் வரும் நேரம் = 39.5 × நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சியை மாற்ற சக்கரம் காட்டும் எதிர்ப்பு) × நொடிக்குச் சுற்று ÷ (எடை × 9.8 × கயிற்றுத் தூரம்). திருப்புத்திறன் 0.18 என்று போட்டால் 4.8 நொடி ஆக வேண்டும். ஆவதோ 3.7.

இன்னொன்று: இதே சூத்திரத்தால் பால்வீதியின் நிறையைக் கண்டுபிடிப்பதாகப் போஸ்டர் எழுதியிருக்கிறோம். சரியா? ஊட்டி பக்கத்து முத்தோரை ரேடியோ தொலைநோக்கியின் தரவு இதற்கு உதவுமா?

குன்னூர்_லேப்
தம்பி, 2 கிலோவையும் ரிம்மிலேயே வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஹப், அச்சு, பால்ரஸ் எல்லாம் நடுவில்தானே இருக்கின்றன? அவை எடையைக் கூட்டும், திருப்புத்திறனை அநேகமாகக் கூட்டாது.

ஊகிக்க வேண்டாம், அளந்துவிடுங்கள். ரிம்மின் உள்விளிம்பை ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையில் மாட்டி, சக்கரத்தை ஊசல்போல ஆட்டுங்கள். 10 டிகிரிக்கு மேல் ஆட்டாதீர்கள். 20 ஆட்டத்தின் நேரத்தை 20-ஆல் வகுத்தால் அலைவு நேரம். எடை × 9.8 × மாட்டிய இடத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரம் × அலைவு நேர வர்க்கம் ÷ 39.5, இதிலிருந்து எடை × தூர வர்க்கத்தைக் கழியுங்கள். தூரம் மீட்டரில்.

கயிறும் கோளாறு செய்யும். நைலான் முறுக்கேறினால் தானே சக்கரத்தைத் திருப்பும். நடுவில் தூண்டில் ஸ்விவல் (முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு) ஒன்று போடுங்கள். முதல் வட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சுழற்சி குறையக் குறைய அச்சு வேகமாகச் சுற்றும். விழப்போகும் பம்பரம் தலையை வேகமாக ஆட்டுவது இதனால்தான். டயரில் வெள்ளை டேப் ஒட்டி, போனில் ஸ்லோமோஷன் எடுத்தால் சுற்றை எண்ணிவிடலாம்.

கோத்தகிரி_பிஎஸ்சி
20 ஆட்டத்துக்கு 29.4 நொடி, தூரம் 28 செ.மீ. திருப்புத்திறன் 0.144 வந்தது, அதன்படி 3.86 நொடி. ஸ்விவல் போட்டபின் முதல் வட்டம் 3.8. நன்றி சார்!

கொடை_வானம்
போஸ்டரில் பால்வீதிப் பகுதியை மாற்றி எழுதுங்கள். உங்கள் சூத்திரத்தையே பாருங்கள்: மேலே திருப்புத்திறன், கீழே எடை. இரண்டிலும் நிறை இருப்பதால் அடிபட்டுப் போகிறது. அதே வடிவில் 4 கிலோ சக்கரம் செய்தாலும் அதே 3.8 நொடிதான். சக்கரத்தின் நிறையையே சொல்லாத சூத்திரம் பால்வீதியின் நிறையை எப்படிச் சொல்லும்?

நிறைக்குச் சுற்றுவேகம் போதும்: வேகத்தின் வர்க்கம் × தூரம் ÷ ஈர்ப்பு மாறிலி. சூரியன் மையத்திலிருந்து 8.2 கிலோபார்செக் (ஒன்று சுமார் 3,260 ஒளியாண்டு) தள்ளி, நொடிக்குச் சுமார் 230 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. இந்த அலகுகளில் மாறிலி 0.0000043. போட்டுப் பாருங்கள், சூரியனின் பாதைக்குள் ஏறத்தாழ 10,000 கோடி சூரிய நிறை வரும்.

பிரிசெஷன், அதாவது உங்கள் சக்கரத்தின் அச்சு வட்டமடிப்பதுபோன்ற திரும்பல், சொல்வது வேறு: திருப்புகிறவர் யார், அவருடைய நிறை எப்படிப் பரவியிருக்கிறது என்பதை. பால்வீதித் தட்டின் ஓரம் வெயிலில் காய்ந்த அப்பளம்போல வளைந்திருக்கிறது. சுற்றியுள்ள, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் அந்த வளைவைத் திருப்புகிறது. உங்கள் சக்கரத்துக்கு மிக நெருங்கிய உறவு இதுதான். கையா விண்கலத்தின் தரவை வைத்து 2020-இல் வந்த மதிப்பு, அது ஒரு சுற்று வர 60 முதல் 70 கோடி ஆண்டு என்றது. 2024-இல் செஃபீடு எனும் துடிக்கும் விண்மீன்களை வைத்துப் பார்த்தவர்களுக்கு மிக மெதுவாக, அதுவும் எதிர்த்திசையில் வந்தது. அதிலிருந்து, பால்வீதியைச் சூழ்ந்த கரும்பொருள் கோளம் சற்றுத் தட்டையானது என்று முடிவுக்கு வந்தார்கள். இரண்டு முடிவையும் போஸ்டரில் போடுங்கள், விவகாரம் இன்னும் தீரவில்லை.

சுற்றுப்பாதையே திரும்புவதும் உண்டு. அது ஜைரோ வகை அல்ல. ஆனால் நிறைக் கணக்குக்கு நேரடியாக உதவும். தனுசு குள்ள விண்மீன் மண்டலத்திலிருந்து பிய்ந்த விண்மீன் ஓடையின் பாதை ஒரு சுற்றுக்குச் சுமார் 93 டிகிரி திரும்புவதாக 2014-இல் அளந்தார்கள். நிறை முழுக்க மையத்தில் இருந்தால் பாதை திரும்பவே திரும்பாது. வெளியே எவ்வளவு பரவியிருக்கிறதோ அவ்வளவு திரும்பும்.

முத்தோரை தொலைநோக்கி வேலை செய்வது 326.5 மெகாஹெர்ட்ஸில். சுற்றுவேகத்தை அளக்க உதவும் ஹைட்ரஜன் வாயுவின் ரேடியோ கோடு 1420.4-இல், அதனால் அந்த வேலைக்கு இந்தத் தொலைநோக்கி ஆகாது. ஆனால் 530 மீட்டர் நீளமுள்ள அதன் அச்சை, சுமார் 11 டிகிரி மலைச்சரிவைப் பயன்படுத்தி, பூமியின் அச்சுக்கு இணையாக வைத்திருக்கிறார்கள். பூமி 26,000 ஆண்டுக்கொருமுறை தலையாட்டினாலும் அந்த அமைப்பு கெடாது, அச்சோடு சேர்ந்து மலையும் திரும்புகிறதே. விண்மீன்களின் ஆயத்தொலைவுகளைத்தான் ஆண்டுக்கு 50.3 விகலை (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) கணக்கில் திருத்த வேண்டும்.

கண்காட்சியில் கயிற்றை 15-லிருந்து 10 செ.மீ.க்கு நகர்த்திக் காட்டுங்கள். சக்கரம் அதேதான், சுழற்சியும் அதேதான், 3.8 நொடி மட்டும் 5.7 ஆகும்.