ஹோமங்குலஸ்: ஒரே பெயரில் எத்தனை குட்டி மனிதர்கள்?

கேள்வி (பிசியோதெரபி மாணவி):
எங்கள் நரம்பியல் பாடநூலில், மூளையின் குறுக்குவெட்டுப் படத்துக்கு மேல் ஒரு மனிதனைக் கிடத்தியிருக்கிறார்கள். உதடுகள் வீங்கியிருக்கின்றன, கட்டைவிரல் உலக்கை மாதிரி, முதுகோ ஒரு கீற்று. பெயர் ஹோமங்குலஸ். இதே பெயர் ரசவாதக் கதைகளிலும், கருவியல் வரலாற்றிலும் வருகிறது. எல்லாம் ஒரே ஆள்தானா? சொல் எங்கிருந்து வந்தது?

பதில் (உடலியங்கியல் ஆசிரியர்):
லத்தீனில் ஹோமோ என்றால் மனிதன். பின்னால் வரும் குலஸ் 'சின்ன' என்று காட்டும் விகுதி. எலியைக் குறிக்கும் முஸ் என்ற சொல்லோடு அது சேர்ந்துதான் முஸ்குலஸ், அதாவது நீங்கள் தினமும் படிக்கும் தசை. ரோமானியர்களிடம் இதில் மாயம் எதுவும் கிடையாது. அற்பமான ஆள், எளியவன், அவ்வளவுதான். ரோமானியப் பேச்சாளர் சிசரோ, கணித மேதை ஆர்க்கிமிடீஸையே இப்படிச் சொல்கிறார். சிராக்யூஸின் கொடுங்கோலன் டயோனிசியஸுக்கு எதிரே, அதே ஊரின் இந்த எளிய மனிதரை நிறுத்தி, அறிவை நேசிக்கும் எவரும் இவராக இருக்கத்தானே விரும்புவார் என்று கேட்கிறார்.

மாயம் 16ஆம் நூற்றாண்டில் வருகிறது. மருத்துவரும் ரசவாதியுமான பாராசெல்சஸ் பெயரில் வழங்கும் நூலில் ஒரு செய்முறை உண்டு: ஆணின் விந்தைக் கலத்தில் அடைத்து, குதிரைச் சாணத்தின் சூட்டில் 40 நாள் வைக்க வேண்டும், பிறகு மனித ரத்தத்திலிருந்து எடுத்த சாரத்தை 40 வாரம் ஊட்ட வேண்டும். குட்டி மனிதன் பிறப்பானாம்.

கருவியல் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒருவருக்கு இதில் அநியாயம் நடக்கிறது. 1677இல் டச்சு ஆய்வாளர் லேவன்ஹுக் நுண்ணோக்கியில் விந்தணுக்களைப் பார்த்தார். 1694இல் இன்னொரு டச்சு ஆய்வாளர் ஹார்ட்சூக்கர், விந்தணுவின் தலைக்குள் முழங்காலை மடக்கிக் குந்தியிருக்கும் குழந்தையை வரைந்தார். 'நுண்ணோக்கியில் மனிதனைப் பார்த்ததாகச் சொன்னவர்' என்று இன்றும் பல இடங்களில் எழுதுகிறார்கள். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. மேல்தோலை ஊடுருவிப் பார்க்க முடிந்தால் ஒருவேளை இப்படித் தெரியலாம் என்றுதான் எழுதினார். ஹோமங்குலஸ் என்ற பெயரும் அவர் வைத்ததல்ல.

உங்கள் பாடநூல் ஆள் தனி ரகம். மான்ட்ரியலில் நரம்பியல் அறுவை மருத்துவர் பென்ஃபீல்ட் வலிப்பு நோயாளிகளுக்கு அறுவை செய்யும்போது, அவர்கள் விழித்திருக்கையிலேயே மூளைப் புறணியில், அதாவது மூளையின் வெளி அடுக்கில், மெல்லிய மின்சாரம் கொடுத்து, எங்கே உணர்கிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். 1937இல் சக மருத்துவர் போல்ட்ரேயுடன் எழுதிய கட்டுரையில்தான் இந்த உருவம் முதலில் வந்தது. அது ஒரு வரைபடம். புறணியில் எந்த உறுப்புக்கு எவ்வளவு இடம் என்பதை அதன் பருமன் காட்டுகிறது.

பதில் (தத்துவ வாசகர்):
இன்னொரு குட்டி மனிதனும் உண்டு. கண் படம் பிடிக்கிறது, மூளைக்குள் யாரோ அதைப் பார்க்கிறார் என்று விளக்கினால், அந்த 'யாரோ' எப்படிப் பார்க்கிறார்? அவர் தலைக்குள் இன்னொருவர் வேண்டும், அவருக்குள் மற்றொருவர். தத்துவத்தில் இதை ஹோமங்குலஸ் பிழை என்பார்கள். விந்தணுக் குழந்தைக்கும் இதே சிக்கல்தான்: அதன் விந்தணுக்களுக்குள் யார்?

மாணவி:
அப்படியானால் பென்ஃபீல்டின் படமும் அந்தப் பிழையில் சேருமா?

உடலியங்கியல் ஆசிரியர்:
சேராது. அந்த உருவம் எதையும் பார்ப்பதில்லை, முடிவெடுப்பதுமில்லை. நீங்களே சோதிக்கலாம். ஒரு காகிதக் கிளிப்பை வளைத்து இரு முனைகளையும் அருகருகே வையுங்கள். தோழியைக் கண்மூடச் சொல்லி விரல்நுனியில் மெல்லத் தொடுங்கள். 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே இரண்டு முனை என்பார். முதுகில் சுமார் 4 சென்டிமீட்டர் வரை விரித்தால்தான் அப்படிச் சொல்வார். படத்தில் விரல் தடித்து முதுகு மெலிந்திருப்பதற்கு அதுதான் பொருள்.

அப்புறம், தேர்வுக்குப் படத்தை அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள். புறணியில் தொடுவுணர்வுக்கு உணர்வுப் பட்டை, அசைவுக்கு இயக்கப் பட்டை என்று இரண்டு உண்டு. இயக்கப் பட்டையில் கால், கை, வாய்ப் பகுதிகளுக்கு நடுநடுவே, எந்த ஒரு உறுப்புக்கும் சொந்தமில்லாமல் உடல் முழுவதையும் செயலுக்கு ஒருங்கிணைப்பதாகத் தோன்றும் பகுதிகள் இருப்பதை 2023இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. இயக்கப் பட்டையில் தலையிலிருந்து கால்வரை தொடர்ச்சியாக ஓர் ஆளை வரைவது இனி அவ்வளவு சரியாக இருக்காது.