இரவில் எழும்போது அம்மா விழுகிறார், வழி சொல்லுங்கள்

அம்மாவுக்கு 78 வயது. சில மாதங்களாக அடிக்கடி விழுகிறார். எலும்பு முறிவு இல்லை, ஆனால் போன வாரம் நெற்றியில் தையல் போட வேண்டியதாகிவிட்டது.

பெரும்பாலும் பின்னிரவில், சிறுநீர் கழிக்க எழும்போதுதான் விழுகிறார். கட்டிலை விட்டு இரண்டடி வைப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வருகிறதாம். கை சுவரைத் தேடுவதற்குள் கால் மடங்கிவிடுகிறது. பகலில் இவ்வளவு தடுமாற்றம் இல்லை.

ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை எடுக்கிறார். படுத்திருக்கும்போது 146 இருந்த மேல் அளவு, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் 118க்கு இறங்கியது. 20 இறங்கினாலே கவனிக்க வேண்டும் என்பதால் மருத்துவரிடம் காட்டினோம். அழுத்த மாத்திரையின் அளவைக் குறைத்தார். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் விழுவது நிற்கவில்லை. தூக்க மாத்திரையையும் மெல்லக் குறைக்கலாம் என்கிறார். அது இல்லாவிட்டால் தூக்கமே வராது என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

கழிப்பறையில் கைப்பிடி, வழியில் இரவு விளக்கு எல்லாம் வைத்தாயிற்று. வழுக்கும் மிதியடிகளை எடுத்துவிட்டோம். கண்புரை அறுவை முன்பே முடிந்தது. எழுந்ததும் கட்டில் ஓரத்தில் சற்று உட்காரச் சொன்னால், தூக்கக் கலக்கத்தில் மறந்துவிடுகிறார்.

எனக்குப் பெரிய கவலை வேறு. பயத்தில் நடப்பதையே குறைத்துக்கொண்டார். கால் பலம் போனால் இன்னும் விழுவாரே.

மருத்துவர் மேற்பார்வையில் வீட்டுப் பெரியவருக்குத் தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தவர்கள், தூக்கம் வராத அந்த இரவுகளை எப்படிச் சமாளித்தீர்கள்?