அக்வாபோனிக்ஸ் தொட்டியில் மீன் செத்துக்கொண்டே இருக்கிறது, அவசரம்!

கொல்லைப்புறம்12:
வணக்கம். கொல்லையில் அக்வாபோனிக்ஸ் (கீழே மீன் தொட்டி, அந்தத் தண்ணீரிலேயே மேலே ஜல்லியில் செடி) போட்டு 12 நாள் ஆகிறது. 40 ஜிலேபிக் குஞ்சு விட்டேன். இன்று காலை வரை 14 போய்விட்டது. மிச்சமும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மோட்டார் ஓடுகிறது, பெல் சைஃபனும் (ஜல்லியில் நிறைந்த தண்ணீரைத் தானாக மீன் தொட்டிக்கு இறக்கும் குழாய்) ஒழுங்காக இறங்குகிறது. மேலே தக்காளி, வெண்டை, புதினா. என்ன மருந்து போடலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மண்வெட்டி:
எத்தனை லிட்டர்? என்ன தண்ணீர்? தீவனம் எவ்வளவு? ஒன்றும் சொல்லாமல் மருந்து கேட்டால் எப்படி?

சைஃபன்செல்வம்:
காற்றுதான் பிரச்சினை. சைஃபனில் விழும் தண்ணீரை மட்டும் நம்பாதீர்கள், தனியாக ஏர் பம்ப் போடுங்கள். ராத்திரி கரண்ட் போனதா?

பழையபம்பு:
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். மீன் கழிவாக விடும் நச்சு அமோனியாவை ஒரு பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொன்று அதை நைட்ரேட் ஆக்கும். அதைத்தான் செடி சாப்பிடுகிறது. இவை ஜல்லியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் 40 மீனா! போன வருஷமே விளக்கமாக எழுதியிருக்கிறேன். தம்பி தேடிப் படித்திருக்கலாம்.

கொல்லைப்புறம்12:
மன்னிக்கவும் சார். 700 லிட்டர். போர் தண்ணீர், அதனால் குளோரின் இல்லை. ஏர் பம்ப் எப்போதும் ஓடுகிறது, கரண்ட் போகவில்லை. தீவனம் இரண்டு வேளை, ஒவ்வொரு கைப்பிடி. அமோனியா அளக்கும் கிட் கிடையாது. தக்காளியில் துளிர் இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன், முதலில் மீன்.

பசுந்தாள்:
ஜீவாமிர்தம் இரண்டு லிட்டர் ஊற்றுங்கள். பாக்டீரியா தானாக வந்துவிடும்.

மண்வெட்டி:
ஐயோ, ஊற்றிவிடாதீர்கள்! சாணியும் வெல்லமும் தண்ணீரில் அழுகினால் இருக்கிற ஆக்சிஜனும் போய்விடும். மண்ணுக்கு நல்லதெல்லாம் மீனுக்கு நல்லது இல்லை.

பசுந்தாள்:
எங்கள் குளத்தில் சாணி போட்டுத்தான் கட்லா வளர்க்கிறோம். படித்தவர்களுக்குத்தான் எல்லாம் விஷம்.

மண்வெட்டி:
உங்கள் குளம் அரை ஏக்கர். இவருடையது 700 லிட்டர்.

கெண்டைப்பிரியன்:
எந்த ஜிலேபி? 1952இல் நம் நாட்டுக்குள் விட்ட மொசாம்பிக் வகை என்றால் குஞ்சு பொரித்தே தொட்டியை நிரப்பிவிடும், ஒன்றும் பெரிதாகாது. கிஃப்ட் என்ற மேம்படுத்திய ஜிலேபி வகை சீக்கிரம் வளரும், ஆனால் அதற்கு அனுமதி வாங்க வேண்டும். இந்த வம்பே வேண்டாம், ரோகு விடுங்கள்.

சைஃபன்செல்வம்:
ரோகு முள்ளை எடுக்கவே அரை நாள் போகும். விரால்தான் ருசி.

கெண்டைப்பிரியன்:
விரால் மற்ற மீனையெல்லாம் தின்றுவிடும், அதுவும் தெரியுமா?

லேப்அக்கா:
ருசிச் சண்டையை ஓரம் வையுங்கள். தம்பி, "அப்புறம்" என்று தள்ளிய இலையை இப்போதே பாருங்கள். துளிர் மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச் சத்து எட்டவில்லை. பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) ஏறினால் தண்ணீரில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மீனைக் கொல்வதும் அதே பிஎச்சாக இருக்கலாம். 28 டிகிரித் தண்ணீரில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. 8 ஆனால் ஆறேழு பங்கு, 9 ஆனால் 40. ஜல்லி என்ன வகை? தொட்டி எதில் செய்தது?

கொல்லைப்புறம்12:
கருங்கல் ஜல்லி அக்கா, வினிகர் விட்டுப் பார்த்தேன், நுரைக்கவில்லை, அதனால் சுண்ணாம்புக் கல் இல்லை. தொட்டி சிமெண்ட். கொத்தனார் கட்டி முடித்து, ஒரு வாரம் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் நிரப்பினோம். பெயிண்ட் அடிக்கவில்லை.

மண்வெட்டி:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டாமா!

லேப்அக்கா:
புதுச் சிமெண்ட் சுண்ணாம்பு விட்டுக்கொண்டே இருக்கும், அதில்தான் பிஎச் ஏறும். தீவனத்தை இன்றே நிறுத்துங்கள். பிளாஸ்டிக் டிரம்மில் போர் தண்ணீர் பிடித்து மீன்களை மாற்றுங்கள். சட்டென்று தூக்கிப் போட வேண்டாம். இரண்டு தண்ணீரையும் ஒரு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். டிரம்மில் தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். ஒரு பிஎச் கிட்டும் அமோனியா கிட்டும் வாங்கிவிடுங்கள்.

பசுந்தாள்:
தொட்டியில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு 15 நாள் ஊறவிட்டு, இறைத்துக் கொட்டுங்கள். எங்கள் ஊரில் சிமெண்ட் தொட்டிக்கு அதுதான்.

பழையபம்பு:
வாழைத்தண்டெல்லாம் பாட்டி வைத்தியம். உள்ளே எபாக்ஸி (தண்ணீர் புகாத பிசின் பூச்சு) பூசினால் வேலை முடிந்தது.

லேப்அக்கா:
அழுகும் தண்டில் அமிலம் வரும், சுண்ணாம்பைக் கொஞ்சம் முறிக்கும். பாட்டிக்கும் வேதியியல் தெரிந்திருக்கிறது. எபாக்ஸியும் சரிதான், நன்றாகக் காய்ந்த பிறகு.

பழையபம்பு:
நான் சொன்ன பாக்டீரியா விஷயமும் தப்பில்லை.

லேப்அக்கா:
யாரும் தப்பு என்று சொல்லவில்லை சார்.

கொல்லைப்புறம்12 (மூன்று நாள் கழித்து):
பிஎச் 9க்கு மேல் காட்டியது. மீன்கள் டிரம்மில், 23 உயிரோடு இருக்கின்றன. தண்டு போட்டாச்சு. நன்றி அக்கா.

லேப்அக்கா:
நல்லது. டிரம்மில் அமோனியா எவ்வளவு?

லேப்அக்கா:
தம்பி?

சைஃபன்செல்வம்:
விரால் வாங்கப் போயிருப்பார்.