2030ஐ மறந்தவர்கள் எந்திரனைப் பற்றிப் பேச வேண்டாம்

மேட்டு லயத்தான்:
சென்ற வாரம் கீழ்ப்பிரிவு ரசிகன் இங்கே ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். ‘எந்திரன் வெறும் முன்னுரை, 2.0தான் முழுப்படம்’ என்பதே அந்த வரி. மூன்று நாளாக அது எனக்கு நெஞ்சில் முள்ளாக உறுத்துகிறது. 2010 அக்டோபர் முதல் நாள் வெளிவந்த படத்துக்கு 2018 நவம்பர் 29ஆம் நாள் ஒரு தொடர்ச்சியை எடுத்து வந்தார்கள். எட்டு ஆண்டு கழித்து வந்த அந்தத் தொடர்ச்சி முதல் படத்தின் கடைசிக் காட்சியையே மறந்துவிட்டது. நீதிமன்றத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டுச் சிட்டி என்ற அந்த மனித உருவ இயந்திரம் தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறது. அதன் பிறகு கதை 2030ஆம் ஆண்டுக்குப் போகிறது. அருங்காட்சியகத்தில் கிடக்கும் சிட்டியைப் பார்த்து, இதை ஏன் பிரித்துப் போட்டார்கள் என்று ஒரு பள்ளிச் சிறுமி கேட்கிறாள். தான் சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்று சிட்டியே விடை சொல்கிறது. அங்கே கதை முடிந்துவிட்டது ஐயா! முடிந்த கதையைத் தோண்டி எடுத்துப் பறவைக் கதையோடு ஒட்டவைத்துவிட்டு, அதுதான் முழுப்படம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கீழ்ப்பிரிவு ரசிகன்:
மேட்டு லயத்து அண்ணனுக்கு வணக்கம். 2018 முன்னால் வருமா, 2030 முன்னால் வருமா என்பதை நம் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். 2.0வில் வரும் தெருக்களையும் கைப்பேசிக் கடைகளையும் பார்த்தால் அது நம் காலத்துச் சென்னை என்பது யாருக்கும் விளங்கும். பிரித்துப் போட்ட சிட்டியை அதை உருவாக்கிய வசீகரன் மறுபடியும் பூட்டுகிறார், பறவைகளுக்காகக் கைப்பேசிகளைப் பறக்கவிட்டுப் பழிவாங்கும் பட்சிராஜனோடு சிட்டி மோதி நகரத்தைக் காப்பாற்றுகிறது, பிறகு எப்போதோ அருங்காட்சியகத்துக்குப் போகிறது. இதில் எங்கே முரண்பாடு? மேலும், அந்தப் படத்தைத் தொடக்கத்திலிருந்தே முப்பரிமாணக் கேமராவால் எடுத்தார்கள், எடுத்த பின் மாற்றியது அன்று. ஈப்போ நகரத் திரையரங்குக்கு என் அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். வாழ்நாளெல்லாம் ரப்பர் பால்மரம் சீவிய கை அது. கைப்பேசிகள் கூட்டமாகப் பறந்து வந்தபோது அந்தக் கையை முகத்துக்கு நேரே நீட்டித் தடுத்தார், பக்கத்து இருக்கைக்காரரின் சோளப்பொரி தட்டுப்பட்டுக் கொட்டியது. அப்படி ஓர் அனுபவத்தை உங்கள் எந்திரன் தந்ததா?

மேட்டு லயத்தான்:
கணக்குப் பாடம் எனக்கும் தெரியும், தம்பி. நான் கேட்பது அதை அன்று. நகரத்தையே காப்பாற்றிய ஓர் இயந்திரத்தை 2030இல் ஏன் பிரித்து வைத்திருக்கிறார்கள்? அந்தச் சிறுமிக்கு ஏன் அந்தக் கதை தெரியவில்லை? ஊரைக் காத்தவனுக்கு மாலை போடுவார்களா, கையைக் காலைக் கழற்றிக் கண்ணாடிக்குள் வைப்பார்களா? சிட்டி தன் வாயால் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான். பறவையைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை, பட்சிராஜன் என்ற பெயரும் அங்கே இல்லை. 2030ஆம் ஆண்டுச் சிட்டிக்கு 2.0 நடந்ததே தெரியாது. இதற்கு விடை சொல்லிவிட்டு முப்பரிமாணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

செம்பனைச் செல்வி:
இரண்டு அண்ணன்மாரும் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள். தொடர்ச்சி என்று எதைச் சொல்கிறீர்கள்? முதல் கதை விட்ட இடத்திலிருந்து நகர்வதையா, அல்லது அதே பாத்திரங்களை வைத்து வேறொரு கதை சொல்வதையா? வசீகரனின் காதலி சனா முதல் படத்தின் பாதி உயிர், இரண்டாவதில் அவள் தொலைபேசிக் குரலாக மட்டும் வந்து போகிறாள். கதையின் பெண் துணை நிலா என்ற இயந்திரமாக மாறிவிட்டது. வசனமும் கை மாறிவிட்டது. எழுத்தாளர் சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று மறைந்தார். முதல் படத்தின் வசனத்தில் அவர் பெயர் இருக்கிறது, இரண்டாவதில் ஜெயமோகனின் பெயர் இருக்கிறது. சுஜாதாவின் அந்தக் குறும்பு இல்லாத சிட்டி எனக்கு வேறொரு சிட்டியாகத்தான் தெரிந்தது. சொல்லின் பொருளை முடிவு செய்யாமல் ஆண்டுக்கணக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் இந்த விவாதம் எங்கே போய் முடியும்?

கீழ்ப்பிரிவு ரசிகன்:
சொல்லின் பொருளையெல்லாம் தேர்வுத்தாளில் கேளுங்கள், ஆசிரியை அவர்களே. அண்ணன் கேட்டதற்கு விடை சொல்கிறேன். சிட்டி சிந்திக்கத் தொடங்கியதால் பிரிக்கப்பட்டது என்பது முதல் தடவைக்கும் பொருந்தும், இரண்டாவது தடவைக்கும் பொருந்தும். சிறுமி ஒரு கேள்வி கேட்டாள், சிட்டி ஒரு விடை சொன்னது. வாழ்க்கை வரலாறு முழுவதையும் அங்கேயே ஒப்பிக்க வேண்டுமா?

மேட்டு லயத்தான்:
இரண்டாவது தடவை பிரித்தார்கள் என்று 2.0வில் எந்தக் காட்சியில் வருகிறது? இல்லாத காட்சியை நீங்களே எழுதிப் படத்தில் சேர்க்க வேண்டாம். எழுதத் தெரியாதவர் விட்டதை இட்டு நிரப்புவது ரசிகனின் வேலை அன்று. 2030.

பறவைநேசன்:
நீங்கள் இருவரும் ஆண்டைப் பிடித்துத் தொங்குகிறீர்கள், படத்தின் உண்மையான பிழையை யாரும் தொடவில்லை. கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் கூட்டங்கூட்டமாக மடிகின்றன என்று படம் அடித்துச் சொல்கிறது. இந்தியாவின் கைப்பேசிச் சேவை நிறுவனங்களின் சங்கம் படம் வெளிவரும் முன்பே தணிக்கைக் குழுவிடம் புகார் கொடுத்தது. அவர்களுக்கு வியாபாரம் இருக்கிறது, அதனால் அவர்கள் சொல்வதை விட்டுவிடுவோம். ஆனால் கோபுரத்தால் பறவைகள் அப்படிக் கூட்டமாக மாண்டன என்று அறிவியல் உலகமும் உறுதிப்படுத்தவில்லை. நான் வேலை பார்க்கும் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் எலியைக் கட்டுப்படுத்த ஆந்தைப் பெட்டிகள் வைத்திருக்கிறோம். தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயக்கொட்டகைக்குப் பின்னால் நிற்கும் கோபுரத்திலிருந்து நூறு அடி தள்ளி ஒரு பெட்டி உண்டு. கம்பத்தில் ஏறி அதைத் திறந்தால் அடியில் விரலளவு கனத்துக்கு எலி முடியும் எலும்பும் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். அதன் மேல் மூன்று குஞ்சுகள், முகம் தட்டுப்போல விரிந்து, பாம்பைப் போலச் சீறும். சென்ற ஆண்டும் அங்கேதான் குஞ்சு பொரித்தது, இந்த ஆண்டும் அங்கேதான். ஆந்தையைக் கொல்வது எலிநஞ்சு. நஞ்சு தின்ற எலியை ஆந்தை தின்றால் அதன் குருதி உறையாமல் போய்ச் சாகும். பட்சிராஜன் எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தால் கைப்பேசியை விட்டுவிட்டு நஞ்சுக் கட்டிகளைத்தான் பறக்கவிட்டிருப்பார்.

கீழ்ப்பிரிவு ரசிகன்:
ஒரு பெட்டியை வைத்து உலகத்துப் பறவைகளுக்கெல்லாம் தீர்ப்பு எழுதாதீர்கள். நம் ஊரில் சிட்டுக்குருவி எங்கே போனது? என் தாத்தா காலத்தில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஓட்டுக்குக் கீழே கூடு கட்டியதாகச் சொல்வார்கள்.

பறவைநேசன்:
லயத்து ஓடே போய்விட்டது, தம்பி. கூடு கட்ட இடுக்கு எங்கே இருக்கிறது? கூடு எடுப்பதற்காகக் கடைத்தெருவில் மேல்மாடியை அடைத்து ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போடுகிறார்களே, அந்தப் பறவை வீடுகளைப் பாருங்கள். மாலை ஆறரைக்கு உழவாரக் குருவிகள் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துதான் உள்ளே நுழைகின்றன. நா. முத்துக்குமார் எழுதிய ‘புள்ளினங்காள்’ பாடலைக் கேட்டு நானும் கண் கலங்கியவன்தான். பாட்டு உண்மை, பறவை மேல் வைத்த பாசமும் உண்மை, காட்டிய காரணம்தான் பிழை.

மேட்டு லயத்தான்:
பறவையைப் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்குங்கள், நானும் வந்து படிக்கிறேன். இங்கே கேள்வி ஒன்றுதான். நகரத்தைக் காப்பாற்றிய சிட்டி 2030இல் ஏன் குற்றவாளியைப் போலக் கிடக்கிறது?

கித்தாக்காட்டான்:
நீண்ட நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. எந்திரன் பாடல்களை 2010 ஜூலை 31 அன்று நம் மலேசிய மண்ணில் வெளியிட்டார்கள். நான் அன்று இரவு வேலையை மாற்றிக்கொண்டு பேருந்து ஏறிப் போனவன், மண்டபத்துக்குள் போக முடியாமல் வெளியில் நின்று ஆரவாரத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். 2.0 பாடல்களை 2017இல் துபாயில் வெளியிட்டார்கள். நம்மை மறந்த படத்தை நாம் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்?

கீழ்ப்பிரிவு ரசிகன்:
2015இல் கபாலிக்காக ரஜினி இங்கே வந்து இருந்து நடித்தாரே, அதற்கு மேல் என்ன வேண்டும் உங்களுக்கு? பாடல் எங்கே வெளியானது என்பதை வைத்துப் படத்தை எடைபோடுவது அறிவா? மண்டபத்துக்குள் போக முடியாத கோபத்தைப் படத்தின் மேல் காட்டாதீர்கள்.

கித்தாக்காட்டான்:
நீங்கள் 2012இல் என்னிடம் இரவல் வாங்கிப் போன எந்திரன் குறுந்தட்டு இன்னும் திரும்பவில்லை. அதைத் திருப்பித் தந்துவிட்டு அறிவைப் பற்றிப் பேசுங்கள்.

கீழ்ப்பிரிவு ரசிகன்:
அதை அப்போதே கோயில் திருவிழாவில் உங்கள் தம்பி கையில் கொடுத்துவிட்டேன்.

கித்தாக்காட்டான்:
என் தம்பி அந்த ஆண்டு திருவிழாவுக்கே வரவில்லை, ஜொகூரில் வேலையில் இருந்தான்.

செம்பனைச் செல்வி:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். காலதாமதம் ஒன்றும் குற்றமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். எந்திரனே பத்தாண்டுக் காத்திருப்புக்குப் பிறகு வந்த படம்தான். 2000 வாக்கில் கமல்ஹாசனை வைத்து ‘ரோபோ’ என்று தொடங்கிக் கைவிட்ட கதை அது. தாமதம் அந்தக் கதைக்கு நன்மையே செய்தது. 2.0வும் 2017 தீபாவளிக்கு வருவதாகச் சொல்லி, பிறகு 2018 ஜனவரி என்று சொல்லி, கணினி வரைகலை வேலை முடியாமல் நவம்பருக்குப் போனது. அந்த ஓராண்டில் பறவையின் இறகுகளுக்குச் செலவிட்ட உழைப்பில் கொஞ்சத்தை வசீகரனுக்கும் சிட்டிக்கும் இடையே இருந்த தந்தை மகன் உறவுக்குச் செலவிட்டிருக்கலாம். முதல் படத்தில் சிட்டி குப்பைமேட்டில் வீசப்பட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இரண்டாவதில் அது உடைந்து சிதறியபோது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை.

மேட்டு லயத்தான்:
செல்வி சொன்னதில் தந்தை மகன் என்ற சொல் வந்துவிட்டதால் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்திரன் வந்த முதல் வாரத்தில் ஒரு வேன் பிடித்துப் பதினான்கு பேர் ஈப்போவுக்குப் போனோம். அப்பாவும் வந்தார். விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போகும் மனிதருக்குப் படம் பார்க்கும் பழக்கம் கிடையாது. இடைவேளைக்கு முன்பே தூங்கிவிடுவார் என்று நினைத்தேன், தூங்கவில்லை. அந்தக் கடைசிக் காட்சியில் 2030 என்று வந்ததும் என் பக்கம் சாய்ந்து, “அப்போது எனக்கு எண்பது” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு வேனில் வரும்போது, அந்தப் பிள்ளை கேட்டதற்கு அந்த இயந்திரம் பொய் சொல்லாமல் விடை சொன்னது தனக்குப் பிடித்திருந்தது என்றார். 2016இல் அவர் போய்விட்டார். 2.0 வந்தபோது அந்தக் காட்சியை எந்த இடத்தில் தொடுவார்கள் என்று கடைசி வரி ஓடும்வரை எழாமல் உட்கார்ந்திருந்தேன். தொடவே இல்லை. இப்போது சொல்லுங்கள், அது வெறும் முன்னுரையா?

கீழ்ப்பிரிவு ரசிகன்:
அப்பாவை எனக்கும் தெரியும், அண்ணன். எங்கள் வீட்டுத் துக்கத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தல்கால் நட்டவர் அவர். அவர் மேல் உள்ள மதிப்பு வேறு, படம் வேறு. அவர் இருந்திருந்தால் 2.0வையும் விழித்திருந்துதான் பார்த்திருப்பார். முன்னுரை என்று நான் எழுதிய சொல்லை மாற்றிக்கொள்ள மாட்டேன். நல்ல முன்னுரை என்று வேண்டுமானால் படித்துக்கொள்ளுங்கள்.

மேட்டு லயத்தான்:
நல்ல முன்னுரையும் எனக்கு வேண்டாம். அந்தச் சிறுமிக்கு ஏன் நகரத்தைக் காத்த கதை தெரியவில்லை என்பதற்கு மட்டும் விடை வேண்டும்.

பறவைநேசன்:
பறவை செத்ததற்கும் விடை வரவில்லை.

கீழ்ப்பிரிவு ரசிகன்:
அந்தக் காட்சியில் ஆண்டு திரையில் எழுத்தில் வந்ததா, அல்லது வழிகாட்டி வாயால் சொன்னாரா என்பதே எனக்கு இப்போது ஐயமாக இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் தட்டைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கித்தாக்காட்டான்:
எந்தத் தட்டை?

கீழ்ப்பிரிவு ரசிகன்:
என் வீட்டில் ஒன்று இருக்கிறது.

மேட்டு லயத்தான்:
கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் போட்டால் போதும்.

கீழ்ப்பிரிவு ரசிகன்:
முடியாது, இரண்டு படத்தையும் முழுதாகத்தான் போடுவேன். நடுவில் எழுந்து போகக் கூடாது.